முப்பாட்டனுக்கு ஒரு கல்

மீன் பிடிக்கிறவர்கள் உண்டு, பறவை பார்க்கிறவர்கள் உண்டு, பழைய காரை வாங்கி வாசலில் நிறுத்தி ஞாயிறுதோறும் துடைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. இவர்களால் உங்களுக்கு ஒரு கெடுதலும் இல்லை. வழியை விட்டு ஒதுங்கி நடந்தால் போதும். ஆனால் கியூபெக்கில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் இரண்டு கரையிலும், வேறொரு இனம் பல்கிப் பெருகிக் கிடக்கிறது. அதனிடமிருந்து ஒதுங்கி நடக்க முடியாது, ஏனென்றால் நீங்கள் ஒதுங்குவதற்குள் அது உங்களுக்குச் சொந்தமாகிவிடும். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் முப்பாட்டன் பித்தர்.

எப்படி அடையாளம் கண்டுகொள்வது என்கிறீர்களா? நீங்கள் தேட வேண்டாம், அவரே வருவார். பல் வைத்தியரிடம் கன்னம் வீங்கி உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்து நாற்காலிக்காரர் உங்கள் பெயரைக் கேட்கிறார். அடுத்து ஊர். அடுத்து, குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, அம்மா வீட்டுக் குடும்பப் பெயர். அவ்வளவுதான், கதவு சாத்தியாயிற்று. உங்களை உள்ளே கூப்பிடுவதற்குள் அவர் உங்களைப் பத்துத் தலைமுறை பின்னால் கூட்டிக்கொண்டு போய், ஏதோ ஒரு கப்பலில் ஏற்றி, ஏதோ ஒரு பிரெஞ்சுத் துறைமுகத்தில் தன் முப்பாட்டனுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருப்பார். பல் வலியோடு போன நீங்கள் பல் வலியோடும் ஒரு பங்காளியோடும் திரும்பி வருவீர்கள்.

இதில் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் கிடையாது. முன்னூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் கப்பலில் வந்தவர்கள் சில ஆயிரம் பேர். ஆளுக்கு ஒரு டஜன் பிள்ளை பெற்றார்கள். பெண் எடுக்கவும் கொடுக்கவும் பக்கத்து நிலத்தைத் தாண்டிப் போக அவர்களுக்கு நேரமும் இல்லை, பாதையும் இல்லை. இந்தக் கரையில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை விட்டெறிந்தால் அது ஒரு சொந்தக்காரர் மேல்தான் விழும். ஆனாலும் நம் பித்தர் ஒவ்வொரு தடவையும் புதையல் எடுத்தவர் போலக் கண்ணை விரித்து, "அப்போ நாம சொந்தக்காரங்க" என்பார். நீங்களும் வியக்க வேண்டும். வியக்காவிட்டால் திரும்ப முதலிலிருந்து சொல்வார்.

அவருடைய ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் கழியும். கையில் ஒரு தூரிகை, ஒரு பாட்டில் தண்ணீர். மனைவி காரில் உட்கார்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருப்பார். அவருடைய விடுமுறை பிரான்ஸில் கழியும். கடற்கரையில் இல்லை, கோழி மேயும் ஏதோ ஒரு குக்கிராமத்தில். முப்பாட்டனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கல்தொட்டியில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு அவர் நிற்கும்போது, தேவாலயத்தைப் பெருக்கும் அம்மாள் பின்னால் வந்து, ஒழுகலை அடைக்க வந்த ஆளா என்று விசாரிப்பாள்.

இன்னொரு முக்கியமான அடையாளம்: அவருடைய முப்பாட்டன் தப்பே செய்யமாட்டார். திருட்டுத்தனமாகச் சாராயம் விற்று அபராதம் கட்டியிருந்தால் அது வியாபார நுணுக்கம். படையை விட்டு ஓடியிருந்தால் காட்டை நேசித்தவர். பூசை நடுவில் குடித்துவிட்டுக் கத்தி வெளியே தள்ளப்பட்டிருந்தால் சுதந்திரச் சிந்தனையாளர். இதே காரியங்களை அடுத்த வீட்டுக்காரனின் முப்பாட்டன் செய்திருந்தால்? அதற்கும் அவரிடம் வார்த்தை இருக்கிறது. அயோக்கியன்.

மாதிரிக்கு ஒருவரைப் பார்ப்போம்.

கயேத்தான் லாதூலிப். வயது அறுபத்தெட்டு. வாகன ஓட்டுநர் உரிமத்துக்குத் தேர்வு நடத்தும் அதிகாரியாக இருந்து, ஊரில் பாதிப் பேரை முதல் தடவை பெயிலாக்கியவர். கோபமே படமாட்டார். அன்பான குரலில், "நல்லாத்தான் ஓட்டினீங்க, அந்த நிறுத்தக் கோட்டை மட்டும் கவனிக்கல" என்று சொல்லித் தாளைக் கிழித்துக் கொடுப்பார். ஓய்வு பெற்ற பிறகு பெயிலாக்க ஆள் இல்லை. கை அரித்தது. லாதூலிப் குடும்பங்களின் சங்கத்தில் சேர்ந்தார். ஒரு பொதுக்கூட்டத்தில் பனிப்புயலால் வேறு யாரும் வராததால் தலைவரானார். அன்றிலிருந்து ஒவ்வொரு தேர்தலிலும் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்.

லாதூலிப் என்றால் அவர்கள் மொழியில் துலிப் பூ. முதலில் வந்த முப்பாட்டன் மத்துரேன் ஒரு படைவீரர். அந்தக் காலத்துத் தளபதிகள் சிப்பாய்களுக்குத் தோன்றியபடி பட்டப்பெயர் வைப்பார்கள். ஒருவன் கவலையில்லாதவன், ஒருவன் மலையைப் பிளந்தவன், நம்மவர் துலிப் பூ. நாளடைவில் சொந்தக் குடும்பப் பெயர் கழன்று விழுந்து பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. கையெழுத்துப் போடத் தெரியாமல் குறுக்குக் கோடு கிழித்த அந்த மனிதருக்கு, இன்று ஒரு குலச் சின்னம் இருக்கிறது: சிங்கம் ஒன்று காலைத் தூக்கி நின்று துலிப் பூவைப் பிடித்திருக்கிறது. கயேத்தான் அதை ஒரு பேரங்காடிக் கடையில் சொல்லிச் செய்து வாங்கினார். தொப்பியிலும் இருக்கிறது, சட்டைப் பொத்தானிலும் இருக்கிறது, காப்பிக் கோப்பையிலும் இருக்கிறது.

வம்சாவளி அவருக்குச் சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். விருந்தில் பன்றித் தொடையை வெட்டிப் பரிமாறிக்கொண்டே ஒரே மூச்சில் சொல்வார். "மத்துரேனுக்கும் பெரின் பதோவுக்கும் பியேர், பியேருக்கும் மார்கெரித் கிமோனுக்கும் லூயி, லூயிக்கும் ஜெனவியேவ் ரூசெலுக்கும் அந்துவான்..." இப்படியே ரயில் ஓடி, கடைசியில் தன் பெயரில் வந்து நிற்கும்போது எல்லாருடைய தட்டிலும் இறைச்சி விழுந்திருக்கும். கவனித்துக் கேட்டால் ஒன்று தெரியும். ஆண்களின் பெயர் வரும்போது குரல் ஏறும். பெண்களின் பெயர் வரும் இடத்தில் மூச்சு வாங்கிக்கொள்வார்.

இந்தப் பெரின், பிரெஞ்சு மன்னர் தன் செலவில் கப்பலேற்றி அனுப்பிய மணப்பெண்களில் ஒருத்தி. இறங்கி, வரிசையாக நின்ற ஆண்களைப் பார்த்து, வீடு கட்டியாயிற்றா என்று கேட்டு, ஆயிற்று என்றவனைக் கட்டிக்கொண்டாள். பார்க்கப்போனால் அந்தக் கதையில் மூளை உள்ள ஒரே ஆள் அவள்தான். கயேத்தான் கணக்கில் அவள் பன்னிரண்டு பிள்ளைகளின் தாய், அத்துடன் சரி.

சொந்த மனைவி மிஷெலின் பக்கத்து வம்சம்? அதைப் பற்றிக் கேட்டால், "உன் பக்கம் அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். அப்புறம் என்பது முப்பத்தெட்டு வருடமாக வந்துகொண்டே இருக்கிறது.

இப்போது கல்லுக்கு வருவோம்.

முதல் முப்பாட்டன் உழுத மண்ணில் ஒரு நினைவுக்கல் நடாத குடும்பச் சங்கம் எங்கள் கரையில் மதிப்பில்லாத சங்கம். கயேத்தான் வசூல் செய்து இளஞ்சிவப்பு கிரானைட்டில் ஆள் உயரக் கல் ஒன்று செதுக்கச் சொன்னார். மேலே சிங்கம், கீழே "மத்துரேன் லாதூலிப், வீரர், முன்னோடி, இம்மண்ணின் முதல் உழவர்". கல் அக்டோபர் மாதம் லாரியில் வந்து இறங்கியது. எங்கே இறங்கியது? அவர் வீட்டுக் கார் கொட்டகையில். வேறு போக்கிடம் இல்லை, ஏனென்றால் மத்துரேன் உழுத நிலம் இப்போது வேறொருவருடையது, அவரிடம் கயேத்தான் இன்னும் கேட்கவேயில்லை.

கல்லை வாங்குவதற்கு முன் இடத்தைக் கேட்டிருக்க வேண்டாமா என்கிறீர்கள். உங்களுக்கு இந்த இனம் இன்னும் பிடிபடவில்லை. இடம் முப்பாட்டனுடையது. அதற்குப் போய் யாரிடம் அனுமதி கேட்பது?

கல் உள்ளே போனதால் மிஷெலினின் கார் வெளியே வந்தது. அந்தக் குளிர்காலம் முழுவதும் காலையில் அந்த அம்மாள் மண்வாரியால் பனியைத் தள்ளி, கண்ணாடியில் உறைந்த பனிக்கட்டியைச் சுரண்டி, கை விறைத்துக் கதவைத் திறக்கும்போது, கொட்டகைக்குள்ளே கல் போர்வை போர்த்திக்கொண்டு சொகுசாக நின்றது. போர்வை அவர்கள் கல்யாணத்துக்கு வந்த பரிசு. பிப்ரவரியில் ஒரு நாள் மிஷெலின் சமையலறைக்கு வந்து கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"உன் முப்பாட்டன் எப்ப வீட்டைக் காலி பண்றதா உத்தேசம்?"

"ஆகஸ்ட்டுல பஸ் வருது. அதுக்குள்ள நட்டுடலாம்."

பஸ் என்பது மாசச்சூசெட்ஸிலிருந்து வரும் சொந்தங்கள். நூறு வருடத்துக்கு முன் நிலத்தை விற்றுவிட்டுப் பஞ்சாலை வேலைக்குத் தெற்கே போன கிளை. அங்கே மேஸ்திரிக்கு வாயில் நுழையவில்லை என்று பெயரையே மொழிபெயர்த்துக்கொண்டு, இப்போது அவர்கள் வெறும் டூலிப். ஒரு வார்த்தை பிரெஞ்சு தெரியாது. ஆனால் முப்பாட்டனின் மண்ணை மிதிக்க ஆவலாகப் பணம் கட்டியிருந்தார்கள். முப்பாட்டனின் சொந்த மண்ணில், சொந்தக் கண்ணால், கல் திறப்பு விழா பார்க்கலாம் என்று கயேத்தான் அவர்களுக்குச் சொல்லியிருந்தார். தேவாலயக் கூடத்தில் விருந்துக்குச் சொல்லியாயிற்று. பட்டாணி சூப், அவரை, சர்க்கரை அப்பம், எல்லாம் தயார். மண் மட்டும் பாக்கி.

ஜூன் மாதக் கடைசியில் கிளம்பினார். கொட்டகை காலியாகப் போகிறது என்ற நம்பிக்கையில் மிஷெலினும் கூட வந்தார்.

சேன் லாந்ரி கிராமத்தில் நிலங்கள் சாலையிலிருந்து ஆறு வரைக்கும் நீள நீளமாக, ரிப்பன் கிழித்துப் போட்ட மாதிரி கிடக்கும். மத்துரேனின் ரிப்பனும் அதை ஒட்டியிருந்த ரிப்பனும் இப்போது ஃபிரான்சின் கிமோன் என்ற அம்மாளுடையவை. அறுபது வயது. ஸ்ட்ராபெரி, உருளைக்கிழங்கு. ரப்பர் பூட்ஸோடு சமையலறை மேசையில் உட்கார்ந்து பழத்தின் காம்பைக் கத்தியால் கிள்ளிக்கொண்டிருந்தார். வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். மிஷெலினும் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டார். கயேத்தான் விஷயத்தைச் சொன்னார்.

"எவ்வளவு பெரிய கல்லு?" என்று கேட்டார் ஃபிரான்சின்.

கயேத்தான் எழுந்து நின்று தன் உச்சந்தலையில் கையை வைத்துக் காட்டினார்.

"சரி, சாலைக்கும் ஆத்துக்கும் நடுவுல அந்த ஆப்பிள் மரம் இருக்கில்ல, அதுக்குப் பக்கத்துல வச்சுக்கோங்க. அங்க டிராக்டர் போகாது. புல்லை மட்டும் நீங்களே வந்து வெட்டிக்கணும்."

முடிந்தது. காப்பி ஆறக்கூட இல்லை. குளிர்காலம் முழுக்க மிஷெலின் சுரண்டிய பனிக்கு விடிவு வந்துவிட்டது. அவர் கத்தியை வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வேறு யாராக இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டு, இரண்டு கூடை பழம் வாங்கிக்கொண்டு, அந்த அம்மாள் மனம் மாறுவதற்குள் காரை எடுத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் நம்மவர் என்ன செய்தார்?

"மதாம் கிமோன், நீங்க எந்தக் கிமோன்? ஒலிவியே கிமோன் வழியா?"

"ஆமா. இந்த ஊர்ல வேற கிமோன் ஏது."

கயேத்தான் திரும்ப உட்கார்ந்தார். மிஷெலினும் உட்கார்ந்தார், இது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

கதை இதுதான். மத்துரேனும் ஒலிவியேயும் பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள். ஒரு வசந்தத்தில் பனி உருகிப் பார்த்தால், நடுவே இருந்த எல்லைக்கல் முப்பது அடி தள்ளி மத்துரேன் பக்கம் நிற்கிறது. பனியோடு நகர்ந்திருக்கும் என்றார் ஒலிவியே. வழக்கு நடந்தது. கல்லைப் பழைய இடத்தில் வைக்கச் சொல்லி ஒலிவியேக்கு அபராதமும் போட்டார்கள். கல் திரும்பிப் போனதாக எங்கும் எழுதியில்லை. கயேத்தான் இதையெல்லாம் அன்பான குரலில், மேசை மேல் விரலால் கோடு கிழித்துக் காட்டிச் சொன்னார். அதோடு நிறுத்தியிருந்தாலும் பிழைத்திருப்பார்.

"அந்தக் காலத்து நில அளவைக்காரங்க லேசுப்பட்டவங்க இல்ல. கல்லுக்கு அடியில செங்கல் துண்டு, உடைஞ்ச பீங்கான் எல்லாம் போட்டுப் புதைப்பாங்க. அதுக்குப் பேரே சாட்சி. கல்லை நகர்த்தறவனுக்குச் சாட்சியைத் தோண்டி எடுக்கணும்னு தோணாது. இப்பவும் உங்க ஸ்ட்ராபெரி பாத்திக்கு அடியிலதான் இருக்கும். ஒரு ரெண்டு நாள் தோண்டினா தெரிஞ்சு போயிடும்."

ஃபிரான்சின் கத்தி நின்றது. ஜூன் மாதக் கடைசியில் ஸ்ட்ராபெரிக்காரியிடம் பாத்தியைத் தோண்டலாமா என்று கேட்கிற மனிதரை அவர் அப்போதுதான் முழுசாகப் பார்த்தார்.

"அப்போ எங்க தாத்தன் திருடன்."

"நான் சொல்லல. தீர்ப்பு சொல்லுது."

"காப்பி குடிச்சாச்சா? அப்போ கிளம்புங்க. திருட்டு நிலத்துல உங்க தாத்தனுக்குக் கல்லு எதுக்கு?"

திரும்பி வரும் வழியில், பெரிய பாலம் ஏறும்போது மிஷெலின் சொன்னார். "ஆறடி இடம் கேக்கப் போன. குடுத்தாங்க. முப்பது அடிக்குக் கணக்குக் கேட்டுட்டு ரெண்டையும் விட்டுட்டு வர்ற."

ஜூலை மாதம் எப்படிப் போனது என்று சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பஸ்ஸில் வரும் சொந்தங்கள் முன்பணத்தை முழுத்தொகையாக்கி அனுப்பினார்கள். மாசச்சூசெட்ஸில் ஒரு டூலிப் பாட்டி, முப்பாட்டன் மண்ணை எடுத்து வர ஜாடி வாங்கி வைத்திருப்பதாகத் தொலைபேசியில் சொன்னாள். கயேத்தான் சரி சரி என்று சொல்லிவிட்டு வாசல் படியில் போய் உட்கார்ந்துவிட்டார். சேன் லாந்ரி மேயர், பனி வாரும் வண்டிகள் நிற்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது என்றார். சங்கத்துப் பொருளாளர், கல்லை ஒரு டிரெய்லரில் ஏற்றி நிறுத்திவிட்டால் எங்கே வேண்டுமானாலும் திறக்கலாமே என்று யோசனை சொன்னார். கயேத்தானுக்குச் சோறு இறங்கவில்லை. தான் சொன்னதில் ஒரு எழுத்துப் பிழை கிடையாது, இருந்தும் எல்லாம் கெட்டுப்போயிற்று. எந்த நிறுத்தக் கோட்டைத் தாண்டினோம் என்று அவருக்கு விளங்கவேயில்லை. விளங்காததுதான் அவரை அரித்தது.

போய் மன்னிப்புக் கேள் என்றார் மிஷெலின். உண்மைக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்றார் அவர். மிஷெலின் அமைதியாக, இளஞ்சிவப்பு கிரானைட் அடுப்பு மேடைக்கு அருமையாக இருக்கும், சிங்கத்தை அடிப்பக்கம் திருப்பிப் பதித்தால் தெரியாது என்றார். இந்தப் பேச்சு இரண்டு நாள் கழித்தும் மாறாததால் கயேத்தான் காரை எடுத்தார், மிஷெலினும் ஏறிக்கொண்டார்.

இந்தத் தடவை மிஷெலின் செய்த சர்க்கரை அப்பம் கையில் இருந்தது. ஃபிரான்சின் அப்பத்தை வாங்கிக்கொண்டார், உட்காரச் சொன்னார், ஆனால் காப்பி ஊற்றவில்லை. கயேத்தான் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அன்றைக்குத் தான் பேசியது சரியில்லை என்றார். இதைச் சொல்ல அவர் பட்ட பாட்டைப் பார்த்து ஃபிரான்சினுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"அந்தக் கல்லு உங்களுக்கு எதுக்குங்க இவ்வளவு முக்கியம்?" என்று கேட்டார்.

கேட்கக் கூடாத ஆளிடம் கேட்கக் கூடாத கேள்வி. கயேத்தான் முகம் மலர்ந்துவிட்டது. முதுகை நிமிர்த்தினார். ரயில் புறப்பட்டது.

"மத்துரேனுக்கும் பெரின் பதோவுக்கும் பியேர், பியேருக்கும் மார்கெரித் கிமோனுக்கும் லூயி, லூயிக்கும் ஜெனவியேவ்..."

"நில்லுங்க. ரெண்டாவது யாரு?"

"பியேர். அவர்தான் மூத்தவர், அவர் காலத்துலதான் களஞ்சியம்..."

"பியேரு கெடக்கட்டும். அவன் பொண்டாட்டி யாரு?"

"மார்கெரித் கிமோன்..." என்றார் கயேத்தான். ரயில் அங்கேயே நின்றது.

"எந்தக் கிமோன்?" என்றார் ஃபிரான்சின். அன்று கயேத்தான் கேட்ட அதே கேள்வி; அத்தனை அன்பாக இல்லை, அவ்வளவுதான். இத்தனை வருடமாக, எத்தனையோ விருந்துகளில், எத்தனையோ பன்றித் தொடைகளுக்கு மேலே அவர் சொல்லி வந்த பெயர். அதில் ஒரு தடவை கூட அவர் நின்றதில்லை. அது மூச்சு வாங்குகிற இடம்.

"ஒலிவியேயோட மக" என்றார் மெதுவாக. பிறகு, பாவம், உண்மையை மறைக்கத் தெரியாத மனிதர், அதையும் சேர்த்துச் சொன்னார்: "கேஸு முடிஞ்ச மறுவருஷம் கல்யாணம்."

மிஷெலின் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஃபிரான்சின் அடக்கவில்லை. மேசையில் கையை ஊன்றிக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"கல்லைத் திருப்பி வைக்க மனசு வரல, பொண்ணைக் குடுத்துச் சமாதானம் பண்ணிட்டாங்க. அப்போ இது உங்க பாட்டி பொறந்த இடம். பொண்ணு குடுத்த வீட்டுல வந்து உக்காந்து, காப்பியும் குடிச்சிட்டு, சொந்தப் பாட்டனையே திருடன்னு சொல்லிட்டுப் போயிருக்க."

நீங்க, நீ ஆனதை அங்கே யாரும் கவனிக்கவில்லை. கயேத்தானுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. அவருக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது, ஒலிவியேக்காக இல்லை. அந்தப் பெண்ணுக்காக. பத்தொன்பது வயதில் ஒரு எல்லைத் தகராறைத் தீர்க்க வேலியைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனவள், அவள் இல்லாவிட்டால் லூயி இல்லை, அந்துவான் இல்லை, தொப்பியில் சிங்கமும் இல்லை. இத்தனை நாளும் அவள் பெயரை அவர் உச்சரித்திருக்கிறார், கேட்டதில்லை.

ஃபிரான்சின் காப்பி ஊற்றினார். கல் வரலாம், ஆனால் ஒரு நிபந்தனை என்றார்: கல்லின் பின்பக்கம் மார்கெரித் பெயரையும் வெட்ட வேண்டும். கயேத்தான் உடனே தலையாட்டினார். பெரின் பெயரையும் சேர்த்து வெட்டு என்றார் மிஷெலின், அதற்கும் ஆட்டினார்.

"எங்க வீட்டுப் பொண்ணு, அவ வீட்டைப் பாத்து நிக்கட்டும்" என்றார் ஃபிரான்சின். "உன் ஆளு கப்பல்ல வந்தவர்தானே. ஆத்தைப் பாத்து நிக்கட்டும்."

ஆற்றைப் பார்த்து நிற்கும் வீரர். கயேத்தானுக்கு உடம்பு சிலிர்த்தது. அதைவிடக் கம்பீரமாக ஒரு முப்பாட்டனை எப்படி நிறுத்துவது? மகிழ்ச்சியாகச் சம்மதித்தார்.

வீடு திரும்பும் வழியில், பாலத்தில், அவர் மனைவி பக்கம் திரும்பாமலே கேட்டார். "உன் அம்மாவோட அம்மா... அவங்க வீட்டுப் பேரு என்ன?"

"முதல்ல என் காரை உள்ள வை. அப்புறம் சொல்றேன்" என்றார் மிஷெலின்.

ஆகஸ்ட் சனிக்கிழமை. வெயில், காற்று, பஸ் நிறைய டூலிப்கள், எல்லார் தலையிலும் சிங்கத் தொப்பி. பஸ் சாலையோடு வந்து ஃபிரான்சின் வீட்டு முன்னால் நின்றது. எல்லாரும் இறங்கி ஆப்பிள் மரத்தைப் பார்த்தார்கள். கல் நின்றது. அதில் பளிச்சென்று, சாலையில் போகிறவன் வண்டியை நிறுத்தாமல் படிக்கிற அளவுக்குப் பெரிதாக, மார்கெரித் கிமோன் என்று இருந்தது. கீழே பெரின் பதோ. ஜாடி கொண்டு வந்த பாட்டி நேராகப் போய் மார்கெரித் காலடியில் மண்ணை அள்ளினாள். எல்லாரும் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மேயர் வந்து, முப்பாட்டிமாரின் நினைவைப் போற்றும் முதல் குடும்பச் சங்கம் என்று பாராட்டிப் பேசினார். கைதட்டல் ஆற்றுக்கு அந்தக் கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

மத்துரேனைப் பார்க்க வேண்டுமானால் கல்லைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அங்கே இடுப்பளவு ராஸ்பெரி முள். கயேத்தான் போனார். சட்டை கிழிந்து, முள்ளில் நின்றபடி, சிங்கத்துக்குப் பக்கத்தில் நின்று உரையைப் படித்தார். தூரத்தில் போன சரக்குக் கப்பல் ஒன்று ஊதியது, அதற்காகவோ வேறெதற்காகவோ. உரையை முழுசாகக் கேட்டது ஆறும் சில கடற்காகங்களும்தான்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? விருந்தில் பன்றித் தொடையை வெட்டும்போது ரயில் கிளம்பியது. மார்கெரித் கிமோனில் நின்றது, மரியாதையாக நின்றது, ஒரு முழு நிமிடம். பிறகு அவள் தகப்பன் ஒலிவியேக்குத் திரும்பியது. "எங்க கிமோன் முப்பாட்டன்," என்றார் டூலிப்களிடம், "நில அளவையில ரொம்பக் கெட்டிக்காரர். தொலைநோக்கு உள்ளவர்." ஃபிரான்சின் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். பிறகு தானும் தலையை ஆட்டிவைத்தார். சொந்தக்காரர் ஆயிற்றே.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் குலச் சின்னம் போட்ட தொப்பி இல்லை, கொட்டகையில் கல் இல்லை. ஆனால் ரயிலில் எதிர் இருக்கைக்காரர் ஊர் பெயரைச் சொன்னதும், "அந்த ஊர்ல யாரு வீடு?" என்று கேட்டது யார்? நானா? உங்கள் தாத்தாவின் தாத்தா யானை கட்டிப் போரடித்ததாக நேற்றுக்கூட யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தீர்களே. யானையை அவர் எங்கிருந்து கொண்டு வந்தார் என்று நான் கேட்கமாட்டேன்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் அப்பா பெயர் தெரியும், தாத்தா பெயர் தெரியும், அவருடைய அப்பா பெயரும் தெரியும். அவருடைய மனைவி பெயரைச் சொல்லுங்கள். அவள் எந்த வீட்டில் பிறந்தாள்?

அவசரமில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லுங்கள்.